மண்டபத்தில் கடலோர வீடு, 10 லட்சத்தை ஒட்டி காம்பாக்ட் எஸ்யூவி: மேல் வேரியன்ட் மட்டும்தான் ஸ்டாக்காம், எடுக்கலாமா?

மண்டபம் கரைவாசி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். வீடு மண்டபத்துல, வாசல்ல நின்னா கடல் தெரியும். கார் ஷெட் கிடையாது, வேப்பமரத்தடிதான். அப்பா அம்மாவோட சேர்த்து அஞ்சு பேர். ஓட்டம் பெரும்பாலும் ராமநாதபுரம் வரைக்கும், மாசத்துல ஒண்ணு ரெண்டு தடவை மதுரை ஆஸ்பத்திரி, எப்பவாவது ஈசிஆர்ல தூத்துக்குடி. வீட்டுக்கு வர்ற கடைசி அரை கிலோமீட்டர் மணல் பாதை. ஐப்பசி, கார்த்திகையில தண்ணி நிக்கும். அதனால 4 மீட்டருக்குள்ள ஒரு காம்பாக்ட் எஸ்யூவி, 1.2 பெட்ரோல், மேனுவல் கியர்னு வீட்டுல பேசி வெச்சிருக்கோம்.

சிக்கல் என்னன்னா, நாங்க கேக்குற நடு வேரியன்ட் (ஷோரூம் விலை 9,68,000) மூணு மாசம் காத்திருக்கணும்ங்கிறாங்க. அதுக்கு மேல உள்ளது உடனே கிடைக்கும், சன்ரூஃப், பளபளன்னு ரெண்டு நிற அலாய் வீல் எல்லாம் இருக்கு, விலையில 44,000 தானே வித்தியாசம்னு சொல்றாங்க. அதுக்கு அவங்க கொடுத்த கொட்டேஷன் இது:

ஷோரூம் விலை 10,12,000
வாழ்நாள் வரி 1,82,160
டிசிஎஸ் 10,120
இன்சூரன்ஸ் 52,000
ஃபாஸ்டேக் 600
ஹேண்ட்லிங், லாஜிஸ்டிக்ஸ் 14,500
ஆக்சசரி பேக் 38,000
கூடுதல் வாரண்டி 21,000
துருத் தடுப்பு கோட்டிங் 9,500
மொத்தம் 13,39,880

ஆக்சசரி பேக் எடுத்தாத்தான் வண்டி ஒதுக்குவோம்ங்கிறாங்க. எந்த ஷோரூம்னு இங்க எழுத விரும்பல. இதுல எதை வெட்டலாம்? மேல் வேரியன்ட் எங்க ஊருக்குத் தேவையா? கடல் காத்துக்கு இந்த 9,500 ரூபா கோட்டிங் போதுமா? விவரம் தெரிஞ்ச அண்ணன்மாருங்க சொல்லுங்க.

பரமக்குடி கணக்கு

முதலில் அந்த "44,000 தானே" என்ற பேச்சைப் பார்ப்போம், தம்பி. அது 44,000 இல்லை.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாழ்நாள் வரி மாறியது. 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வருமான வரி மாதிரி தாண்டிய தொகைக்கு மட்டும் கூடுதல் விகிதம் என்று இது போகாது. பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டால் முழு விலைக்கும் 18. அதோடு 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே நம்மிடம் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) சேரும்.

நடு வேரியன்ட்: 9,68,000 + 13% வரி 1,25,840 = 10,93,840.
மேல் வேரியன்ட்: 10,12,000 + 18% வரி 1,82,160 + டிசிஎஸ் 10,120 = 12,04,280.

வித்தியாசம் 1,10,440. டிசிஎஸ் உங்கள் பான் எண்ணில் ஏறும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம். அதைத் தள்ளினாலும் ஒரு லட்சம் கூடுதல். சன்ரூஃபுக்கும் அலாய் வீலுக்கும் உண்மையில் நீங்கள் கொடுக்கும் விலை அதுதான். 10 லட்சத்தை ஒட்டி வண்டி பார்க்கிறவர்கள் ஷோரூம் விலையை ஒப்பிடவே கூடாது, வரியோடு சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். விற்பனையாளர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார்.

இனி கொட்டேஷனில் உள்ள மற்ற தொகைகள். ஹேண்ட்லிங், லாஜிஸ்டிக்ஸ் 14,500 முழுக்க வெட்ட வேண்டியது. தொழிற்சாலையிலிருந்து ஷோரூம் வரை கொண்டுவரும் செலவு ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கிறது. "இந்தத் தொகை எதற்கு, வண்டி இன்வாய்ஸில் வருமா?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். எழுத்தில் கேட்டால் பல நேரம் அந்தத் தொகையே காணாமல் போகும். சாலைப் பாதுகாப்பு வரி, பதிவுக் கட்டணம், கடன் இருந்தால் அதைப் பதியும் கட்டணம் என்று சில ஆயிரம் நியாயமாகவே வரும். அதற்கு அரசு ரசீது இருக்கும். ரசீது இல்லாத தொகை எதையும் கட்ட வேண்டாம்.

கூடுதல் வாரண்டியை இன்றே வாங்க வேண்டிய அவசியமில்லை. பெரும்பாலான கம்பெனிகளில் அடிப்படை வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம், நாளாக ஆக விலை கொஞ்சம் ஏறும். துரு அதில் சேராது என்பதையும் மனதில் வையுங்கள்.

இன்சூரன்ஸ் எங்கே எடுப்பது என்பது உங்கள் விருப்பம், ஷோரூம் கட்டாயப்படுத்த முடியாது. புது காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 3 வருடத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும். அதன் விலை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான்: 1000 சிசிக்கு மேல் 1500 வரை 10,640, 1000 சிசிக்குள் 6,521, இரண்டுக்கும் மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக பேரம் முழுக்க ஓன் டேமேஜ் (நம் வண்டிச் சேதத்துக்கான காப்பீடு) பகுதியிலும் ஆட்-ஆன்களிலும் (கூடுதல் காப்பீடுகள்) தான். ஐடிவி, அதாவது காப்பீட்டுக்காக வண்டிக்குப் போடும் மதிப்பு, புது வண்டிக்கு ஷோரூம் விலையில் 95 சதவீதம். நடு வேரியன்டுக்கு 9,19,600 வர வேண்டும். பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட ஐடிவியைக் குறைப்பது வழக்கமான வேலை, அதை முதலில் பாருங்கள். ஒரே ஐடிவி, ஒரே ஆட்-ஆன்கள் என்று வைத்து இரண்டு மூன்று கம்பெனியில் நேரடியாக விலை கேளுங்கள். ஜீரோ டெப் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் தருவது), இன்ஜின் பாதுகாப்பு, கன்ஸ்யூமபிள்ஸ் (ஆயில், நட்டு போல்ட் மாதிரிச் செலவுகள்) மூன்றும் உங்கள் பாதைக்கு வேண்டும். வீட்டில் யாருக்காவது வேறு வண்டி மூலம் உரிமையாளர் விபத்துக் காப்பீடு 15 லட்சத்துக்கு இருந்து, கார் பதிவும் அதே பெயரில் என்றால், இதில் அதைத் திரும்ப எடுக்க வேண்டாம்.

உச்சிப்புளி ஒர்க்‌ஷாப்

கணக்கை அண்ணன் சொல்லிட்டார். நான் தகரத்தைப் பத்திச் சொல்றேன். நம்ம கரைக்கு அந்த மேல் வேரியன்ட் காசுக்கு மட்டும் நட்டம் இல்ல, வண்டிக்கே அது ஒத்து வராது.

அந்த ரெண்டு நிற அலாய் வீல் எப்படிச் செய்யுறாங்கன்னா, முழு வீலுக்கும் பெயின்ட் அடிச்சு, முகத்தை மட்டும் மெஷின்ல சீவி, மேல ஒரு மெல்லிசு கிளியர் கோட் விடுறாங்க. சீவின ஓரத்துல அந்தக் கோட் மெல்லிசாத்தான் உக்காரும். ஒரு கல் தெறிச்சா, பஞ்சர் கடையில டயர் கழட்டுற மெஷின் உரசினா, அந்த இடத்துல உப்பு நுழைஞ்சு கோட்டுக்கு அடியில வெள்ளையா புழு ஊர்ந்த மாதிரி பரவும். அதைத் தேய்ச்சு எடுக்க முடியாது, வீலைத் திரும்பச் சீவி கோட் போடணும். நடு வேரியன்ட்ல வர்ற ஸ்டீல் வீல், இல்லன்னா ஒரே நிறம் பெயின்ட் அடிச்ச அலாய், ரெண்டும் இங்க அதிகக் காலம் உழைக்கும். ஸ்டீல் வீல்ல துரு வந்தாலும் பிரஷ்ஷும் பெயின்ட்டும் போதும்.

சன்ரூஃப்ல நாலு மூலையிலயும் தண்ணி வடியுற குழாய் இருக்கும். உங்க வீட்டு மணல், வேப்பம்பூ, வேப்பிலை மூணும் அதை அடைக்கப் பிறந்ததுங்க. அடைச்சா தண்ணி கூரைத் துணி வழியா இறங்கி கார்ப்பெட்டுக்கு அடியில நிக்கும். அங்கதான் ஒயரிங் கப்ளர் இருக்கு. கண்ணாடியைச் சுத்தின குரோம் பட்டையும் இந்தக் காத்துல புள்ளி புள்ளியா வந்துரும்.

பாதுகாப்பு விஷயத்துல மட்டும் கீழ இறங்காதீங்க: 6 ஏர்பேக், இஎஸ்சி (வண்டி சறுக்காமப் பிடிக்கிற எலக்ட்ரானிக் கட்டுப்பாடு), பின் கண்ணாடி வைப்பர், டீஃபாகர் (பின் கண்ணாடியில படியுற ஆவியைப் போக்குறது). நடு வேரியன்ட்ல இது நாலும் இருக்கான்னு புரோஷர்ல பாருங்க. இருந்தா அதுவே போதும்.

இப்ப கோட்டிங். 9,500 ரூபாய்க்கு ஷோரூம்ல அடிக்கிறது பெரும்பாலும் தாரு இல்லன்னா ரப்பர் கலந்த கறுப்பு கோட். அடிக்கிற பொருள் கெட்டது இல்ல, அடிக்கிற விதம்தான் கெடுக்கும். ஈரம் காயாம, தூசி போகாம மேல அடிச்சா உப்பும் ஈரமும் உள்ள சிக்கிக்கும். வெளியில கறுப்பா அழகா இருக்கும், உள்ள தகரம் தின்னுட்டிருக்கும். கதவு அடியிலயும், கதவுக்குக் கீழ ஓடுற கீழ்ப்படி பெட்டியிலயும் தண்ணி வடிய ஓட்டை இருக்கும், அதையும் சேர்த்து அடைச்சுருவாங்க. அடைச்ச ஓட்டை கோட்டே போடாததை விட மோசம்.

இன்னொன்னு, புது வண்டிக்கு அடிப்பக்கம் கம்பெனியிலயே துரு தடுக்குற ஈடி பிரைமரும் பிவிசி கோட்டும் போட்டுத்தான் வருது. நம்ம ஊர்ல வண்டி துருப்பிடிக்கிறது பெரும்பாலும் தகடு ரெண்டா மடிஞ்ச இடத்துல, மூடின பெட்டிக்குள்ள. கதவின் கீழ் மடிப்பு, டிக்கி கதவின் கீழ் மடிப்பு, கீழ்ப்படிக்குள்ள, பின் வீல் வளைவின் உதடு. இந்த இடத்துக்கெல்லாம் கறுப்பு கோட் போய்ச் சேராது. அதுக்கு கேவிட்டி வேக்ஸ்னு ஒண்ணு இருக்கு. மெழுகு மாதிரி இளகலா இருக்கும், நீள டியூப் வெச்ச ஸ்ப்ரே டின்ல வரும். இந்த அளவு வண்டிக்கு 500 மி.லி. டின் மூணு நாலு பிடிக்கும்.

செய்ய வேண்டிய முறை: வண்டி வீட்டுக்கு வந்த முதல் வாரமே, உப்பு ஏறுறதுக்கு முன்னாடி. அடிப்பக்கம் நல்ல தண்ணியில கழுவி ஒரு நாள் முழுக்க வெயில்ல காய வைக்கணும். கதவு அடி ஓட்டை, கீழ்ப்படியில இருக்கிற ரப்பர் மூடி, டிக்கி லைனிங் வழியா டியூபை உள்ள வரை விட்டு, அடிச்சுக்கிட்டே மெதுவா வெளியே இழுக்கணும். ஓட்டை வழியா லேசா ஒழுகினா உள்ள பரவிருச்சுன்னு அர்த்தம். மறுநாள் ஒரு பிளாஸ்டிக் குச்சியால ஒவ்வொரு ஓட்டையையும் குத்தித் திறந்து விடணும். சைலன்சர், பிரேக், டிரைவ் ஷாஃப்ட் பூட், சஸ்பென்ஷன் புஷ் இதுங்க மேல படவே கூடாது. ஏர்பேக் சென்சார், ஒயரிங் போற இடம் தெரியாம கதவு டிரிம்மைக் கழட்டாதீங்க, ஓட்டை வழியாவே வேலை முடியும். வருஷம் ஒரு தடவை, வாடைக்காத்து தொடங்குறதுக்கு முன்னாடி புரட்டாசியில திரும்ப ஒரு கை.

அதனால ஷோரூம் கோட்டிங் வேண்டாம்னு சொல்லிருங்க. இல்ல அங்கதான் செய்யணும்னா, அடிக்கிறப்ப பக்கத்துல நிக்க விடணும்னு நிபந்தனை போடுங்க.

தொண்டி ரோடு

வண்டி எதுன்னு நீங்க சொல்லல, ஆனா தேடிப் படிக்கிற மத்தவங்களுக்காக ஒரு விஷயம். 4 மீட்டருக்குள்ள இருந்தா வரி குறைவுன்னு பொதுவாச் சொல்றாங்க, அது பாதிதான் சரி. 2025 செப்டம்பர் 22-லிருந்து 18 சதவீத ஜிஎஸ்டி கிடைக்கணும்னா நீளம் 4000 மி.மீ.க்குள்ளயும், பெட்ரோல் 1200 சிசிக்குள்ளயும், டீசல்னா 1500 சிசிக்குள்ளயும் இருக்கணும். பிரெஸ்ஸா நீளத்துல உள்ள வருது, ஆனா இன்ஜின் 1462 சிசி, அதனால 40 சதவீதம். நெக்ஸான், வென்யூ, சோனெட், 3எக்ஸ்ஓ, ஃபிரான்க்ஸ், கைலாக், மேக்னைட் இதெல்லாம் 18-ல வருது. இப்ப கீழ் வேரியன்டுக்கெல்லாம் வரிசை நிக்கிறதுக்கு இந்த வரிக் குறைப்பு ஒரு முக்கியக் காரணம்.

மணல் பாதைன்னா தரை உயரம் பாருங்க. கம்பெனி சொல்ற அளவு நெக்ஸானுக்கு 208 மி.மீ., மேக்னைட்டுக்கு 205, ஃபிரான்க்ஸுக்கு 190. அஞ்சு பேர் ஏறினா எல்லாமே இறங்கும், அதனால வீட்டு ஆளுங்களை ஏத்திக்கிட்டே டெஸ்ட் டிரைவ் கேளுங்க. ஆனா இது எதுலயும் நாலு சக்கர இழுவை கிடையாது, முன் சக்கரம்தான். மணல்ல சக்கரம் சுத்த ஆரம்பிச்சா ஆக்சிலரேட்டரை விட்டுரணும், மிதிச்சா வயிறு தரையில உக்காரும். டயர் காத்தை 20 பிஎஸ்ஐ வரைக்கும் இறக்கிட்டு ரெண்டாவது கியர்ல மெதுவா வெளிய எடுங்க. தார் ரோடு ஏறினதும் பழைய அளவுக்குக் காத்து பிடிக்கணும். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒண்ணு டிக்கியில இருக்கட்டும், ஆக்சசரி பேக்கை விட அதுக்குப் பயன் அதிகம்.

மோதல் சோதனையில நெக்ஸான், 3எக்ஸ்ஓ, கைலாக் மூணும் பாரத் என்கேப்ல 5 நட்சத்திரம். என்எச் 87-ல (மதுரை, ராமேஸ்வரம் ரோடு) ராத்திரி ஓட்டமும் இருக்கும்னா அதையும் கணக்குல எடுங்க.

டீசல் யோசிச்சீங்கன்னா: பிஎஸ் 6 டீசல்ல டிபிஎஃப்னு புகை வடிகட்டி இருக்கு. ராமநாதபுரம் போய் வர்ற தூரத்துக்கு அது தானே எரிச்சுச் சுத்தம் பண்ணிக்கும், மண்டபத்துக்குள்ளயே ஓட்டினா அடைக்கும். ஆனா டீசல் எடுத்தா பெரும்பாலும் 10 லட்சத்தைத் தாண்டிரும், மேல அண்ணன் சொன்ன 18 சதவீத வாழ்நாள் வரி வந்துரும். சிஎன்ஜி வேண்டாம்னுதான் நான் சொல்வேன். சிலிண்டரை 3 வருஷத்துக்கு ஒரு தடவை சோதனை பண்ணி சான்று வாங்கணும், அதைத் தாங்குற ஸ்டீல் பட்டை, போல்ட் எல்லாம் உப்புக் காத்துக்கு இன்னொரு இரை. ஆஸ்பத்திரி போறப்ப டிக்கி இடமும் வேணும்.

மண்டபம் கரைவாசி

ரொம்ப நன்றி. இவ்வளவு விவரம் எதிர்பார்க்கல. வரிக் கணக்கை அப்பாகிட்ட காமிச்சேன், மேல் வேரியன்ட் பேச்சு அதோட முடிஞ்சது.

இப்ப ரெண்டு விஷயம். வேற ஊர் ஷோரூம்ல அதே நடு வேரியன்ட் ஒண்ணு ஸ்டாக்ல இருக்காம், ஆனா தயாராகி ஏழு மாசம் ஆச்சுங்கிறாங்க, போன வருஷத் தயாரிப்பு. எடுக்கலாமா? எடுக்குறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்? அடுத்தது, 8 லட்சம் லோன் போடணும். அங்கயே "5.25 சதவீதம்தான், பேங்க் 9 கேக்கும்"னு சொல்றாங்க. இதுல ஏதாவது சூட்சுமம் இருக்கா?

பரமக்குடி கணக்கு

இருக்கிறது. 5.25 என்பது பிளாட் வட்டியாக இருக்கும், பேங்க் சொல்லும் 9 குறையும் அசலுக்கு. பிளாட் என்றால் நீங்கள் பாதி அசலைக் கட்டிய பிறகும் முழு 8 லட்சத்துக்கே வட்டி போடுவார்கள்.

8 லட்சம், 5 வருடம், பிளாட் 5.25: வட்டி 2,10,000, மாதத் தவணை 16,833. இதைக் குறையும் அசல் கணக்குக்கு மாற்றினால் கிட்டத்தட்ட 9.6 சதவீதம். பேங்கில் 9 சதவீதம் குறையும் அசலுக்கு: தவணை 16,607, மொத்த வட்டி ஏறக்குறைய 1,96,400. ஆக 9 தான் மலிவு. வட்டி விகிதத்தை ஒப்பிடாதீர்கள். ஒரே தொகை, ஒரே காலம் வைத்துத் தவணையை மட்டும் கேளுங்கள், உண்மை தானாக வெளியே வரும்.

தவணை குறைய வேண்டும் என்று 7 வருடத்துக்கு நீட்டினால் 12,871 ஆகும், ஆனால் வட்டி 2.81 லட்சம். 85,000 கூடுதல். முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் உண்டா, எத்தனை மாதம் வரை உண்டு என்று ஒப்பந்தத்தில் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். ஷோரூமில் லோன் போட்டால்தான் வண்டி என்று சொன்னால், அந்தக் கமிஷனைத் தள்ளுபடியாக இன்வாய்ஸில் கேளுங்கள்.

கீழக்கரை பழைய வண்டி

பழைய ஸ்டாக் பற்றி. ஏழு மாத வண்டி எடுக்கக் கூடாததல்ல, புது விலைக்கு எடுக்கக் கூடாதது. நாளைக்கு விற்கும்போது வாங்குகிறவர் ஆர்சியில் தயாரிப்பு வருடத்தைத்தான் பார்ப்பார், நீங்கள் வாங்கிய தேதியைப் பார்க்க மாட்டார். ஒரு வருட மதிப்பு முதல் நாளே போய்விட்டது என்று வைத்துத் தள்ளுபடி பேசுங்கள். தள்ளுபடியை ஆக்சசரியாகக் கொடுக்கிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், பணமாக இன்வாய்ஸில் குறைய வேண்டும்.

தயாரிப்பு மாதத்தை வாய் வார்த்தையில் நம்ப வேண்டாம். விற்பனைச் சான்றான படிவம் 21-இல் மாதமும் வருடமும் இருக்கும், சேசிஸ் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-இன் 23-வது வாரம். ஐந்து டயரும் வண்டி தயாரிப்புக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

பதிவு செய்வதற்கு முன்னால், முழுப் பணம் கட்டுவதற்கும் முன்னால், ஸ்டாக்யார்டிலேயே பகல் வெளிச்சத்தில் வண்டியைப் பாருங்கள். பதிவான பிறகு கண்டுபிடித்த குறைக்கு வண்டியை மாற்றித் தர மாட்டார்கள், சரிசெய்துதான் தருவார்கள்.

ஏழு மாதம் திறந்தவெளியில் நின்ற வண்டிக்கு மழைத்தண்ணீர்தான் முதல் பயம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து நுனியில் நீர்க்கோடு, சேறு இருக்கிறதா பாருங்கள். சீட்டைப் பின்னே தள்ளி ரெயில் போல்ட்டில் துரு பாருங்கள். ஸ்டெப்னியைத் தூக்கிக் குழியில் மண் படிவு, கார்ப்பெட்டுக்கு அடியில் கை வைத்து ஈரம். இதில் ஒன்று இருந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள், எவ்வளவு குறைத்தாலும்.

பிரேக் டிஸ்க்கில் மேலோட்டமான செந்துரு குறை அல்ல, நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். விரலால் தடவினால் குழி தட்டுப்பட்டால் மாற்றச் சொல்லுங்கள். டயர் ஒரே இடத்தில் அழுந்தி நின்றிருந்தால் 60 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் அதிரும், ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். பேட்டரி, வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு ஸ்டார்ட் செய்வதற்கு முன் 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் புதிது கேளுங்கள். வடிந்து வடிந்து ஏறிய பேட்டரி ஒரு வருடத்தில் போகும். வைப்பர் ரப்பர், கதவு ரப்பர் வெடிப்பு, பானெட்டுக்குள் எலி கடித்த ஒயர், இவையும். தொட்டியில் நிற்கும் பழைய பெட்ரோல் கொஞ்சமாகத்தான் இருக்கும், உடனே நிறையப் போட்டால் போதும்.

புக்கிங் ரசீதில் வேரியன்ட், நிறம், "ரத்து செய்தால் முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும்" என்ற வரி மூன்றும் இருக்க வேண்டும். டெலிவரி நாள் விலைதான் செல்லும் என்று எல்லா ரசீதிலும் அச்சிட்டிருப்பார்கள். ஜனவரியில் கம்பெனிகள் விலை ஏற்றுவது வழக்கம் என்பதால், 9,68,000 கொஞ்சம் ஏறினாலும் 10 லட்சத்தைத் தொடாது என்ற தெம்பு உங்களுக்கு இருக்கிறது. 9,90,000 வண்டி பார்ப்பவர்களுக்கு அது இல்லை. திரும்பக் கிடைக்கும் தொகை என்று உறுதியானால் ராமநாதபுரம், மதுரை, தூத்துக்குடி மூன்றிலும் வரிசையில் நில்லுங்கள். வெளியூரில் வாங்கினாலும் தற்காலிகப் பதிவோடு கொண்டுவந்து ராமநாதபுரம் டிஎன் 65-லேயே பதியலாம். சேசிஸ் எண் ஒதுக்கி எழுத்தில் கொடுக்கும் வரை புக்கிங் தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். ஆக்சசரி எடுக்காவிட்டால் வரிசையில் பின்னால் தள்ளுவோம் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு அந்த மின்னஞ்சலின் நகல் போனால் பேச்சு மாறும்.

இன்னொன்று, வாங்குவதற்கு முன்னால் ராமநாதபுரத்தில் அந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் மட்டும் இருக்கிறதா, பாடி ஷாப்பும் பெயின்ட் பூத்தும் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு கீறலுக்கும் உங்கள் வீட்டிலிருந்து மதுரைக்கு 150 கி.மீ. போக வேண்டும்.

மண்டபம் கரைவாசி

அந்த பழைய ஸ்டாக்கைப் பார்க்க அண்ணன் சொன்ன பட்டியலோட போறேன். கடைசியா ஒண்ணு: எங்க வீட்டு போர் தண்ணி உப்பு. காவேரித் தண்ணி குடிக்கவே அளந்துதான் வருது. வண்டியை எதுல கழுவுறது? ஷெட் இல்லாததால கவர் போட்டு மூடி வைக்கலாமா?

உச்சிப்புளி ஒர்க்‌ஷாப்

போர் தண்ணியில கழுவிட்டு அப்படியே காய விட்டா, காத்து கொண்டு வர்ற உப்பை விட அதிகமா நீங்களே ஏத்துறீங்க. முதல் மண்ணு போறதுக்கு வேணும்னா அது, கடைசி அலசல் கட்டாயம் நல்ல தண்ணி. அதுக்கு நிறைய வேண்டாம். மருந்தடிக்கிற முதுகுத் தெளிப்பான் 16 லிட்டர்ல புதுசா ஒண்ணு வாங்குங்க, மருந்துக்குப் பயன்படுத்தினது கூடாது. ஒரு தொட்டி தண்ணி மேல்பக்கத்துக்கு, இன்னொண்ணு அடிப்பக்கம், வீல் வளைவு, முன்னாடி கிரில் வழியா ஏசி கண்டென்சர். கண்டென்சர் தகடு மெல்லிசு அலுமினியம், ஹை பிரஷர் பம்ப் வெச்சு அடிச்சா மடங்கிப் போகும், தெளிப்பான் வேகமே சரி. ஏசி கேஸ் வருஷா வருஷம் இறங்குதுன்னு இங்க வர்ற வண்டியில நிறைய, உப்பு தின்ன கண்டென்சர்தான். மழைக்காலத்துல ஓட்டுத் தண்ணியைப் பிடிச்சு வெச்சீங்கன்னா அதைவிட நல்லது இல்ல.

வாரம் ஒரு தடவை போதும். தனுஷ்கோடி போய் வந்தா மட்டும் அன்னிக்கே. அரிச்சல்முனை ரோட்டுல அலை தெறிச்ச தண்ணி தேங்கி நிக்கும், அதுல வேகமா போகாதீங்க. ஐப்பசியில உங்க பாதையில தண்ணி நின்னு, அதுல இன்ஜின் ஆஃப் ஆயிருச்சுன்னா திரும்ப ஸ்டார்ட் பண்ணவே கூடாது. தண்ணி சிலிண்டருக்குள்ள போயிருந்தா கனெக்டிங் ராடு வளையும். தள்ளி வெளிய எடுத்து டோவிங் கூப்பிடுங்க. இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் இருந்தாலும், தெரிஞ்சே ஸ்டார்ட் பண்ணினா கிளெய்ம்ல தகராறு வரும்.

கவர் வேண்டாம். பிளாஸ்டிக் கவர் ராத்திரி ஈரத்தை உள்ள பிடிச்சு வெச்சு, காத்துல ஆடி ஆடி உப்பு மணலால பெயின்ட்டைத் தேய்க்கும். ஆக்சசரி பேக்குக்குக் கேட்ட 38,000 கையில இருக்குல்ல, அதுல நாலு தூண் நிறுத்தி மேல கூரை மட்டும் போடுங்க, பக்கம் திறந்தே இருக்கட்டும், காத்து ஓடணும். கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல மட்டும் மேற்குப் பக்கம் ஒரு தட்டி. இரும்புத் தகரக் கூரை வேண்டாம், அதோட துருத் தூள் வண்டி மேல விழுந்து ஒட்டிக்கும். கீத்து இல்லன்னா சிமென்ட் ஷீட்.

ரெண்டு மூணு நாளுக்கு மேல நிறுத்தி வைக்கிறதா இருந்தா ஹேண்ட் பிரேக் போடாதீங்க, பின்பக்க பிரேக் ட்ரம்ல ஒட்டிக்கும். முதல் கியர்ல விட்டுட்டு சக்கரத்துக்குக் கட்டை கொடுங்க. பேட்டரி முனை ரெண்டுலயும் பெட்ரோலியம் ஜெல்லி. எர்த் ஒயர் பாடியில முறுக்கியிருக்கிற போல்ட்டுலயும் அதே ஜெல்லியைத் தடவுங்க, அதை யாரும் கவனிக்கிறதில்ல. வண்டி வந்ததும் கேவிட்டி வேக்ஸ் அடிக்கிறதுக்கு முன்னாடி கதவு அடி ஓட்டையைப் போட்டோ எடுத்துப் போடுங்க, எது எதுல டியூபை விடணும்னு குறிச்சுத் தர்றேன்.